41 கிணறு, ஒரு மீட்டர், எந்தக் கோர்ஸ்?

கிணற்றுத்தவளை:

வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி எங்கள் ஊர். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து இப்போது ப்ளஸ் டூ முடித்திருக்கிறேன். கட் ஆஃப் 167. வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். எனக்கு வேறு ஒரு கிறுக்கு.

பத்தாவது படிக்கும்போது கேன் தண்ணீர் விற்கிறவர் ஒருவர் தெருவுக்கு வந்தார். பேனா மாதிரி ஒரு மீட்டரை எங்கள் போர் தண்ணீரில் விட்டார். 2840. தன்னுடைய கேனில் விட்டார். 48. "பாத்தீங்களாம்மா" என்று சொல்லி ஐந்து வீட்டில் ஆர்டர் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். 2840 என்றால் என்ன 2840 என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

திருவிழாவுக்கு வந்த காசில் நானே ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டுவது) வாங்கினேன், 280 ரூபாய். அப்புறம் ஊரில் ஒரு கிணறு விடவில்லை. தூக்கு வாளியும் கயிறும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவேன். ஆயா முதல் நாள் பார்த்துவிட்டு, "இன்னாடி, தண்ணிக்கு ஜுரம் பாக்கறியா?" என்றார். இப்போது நோட்டில் 41 கிணறு இருக்கிறது. மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை. மலைப் பக்கம் போகப் போக எண் குறைகிறது, அடிவாரத்தில் 610 வரை. ஓடையை ஒட்டி ஏறுகிறது. டேனரி (தோல் பதனிடும் ஆலை) தண்ணீர் முன்பு அந்த ஓடையில்தான் ஓடியது என்று எல்லோரும் சொல்வதால் அது எனக்குப் புரிகிறது.

ஆனால் மாரியம்மன் கோயில் கிணறு மட்டும் ஒத்து வரவில்லை. ஓடையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, மேட்டில் வேறு. அதில் 3100. மழைக்குப் பின் மற்ற கிணறுகளில் எண் குறைந்தது, இதில் 3350 ஆகிவிட்டது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று கேன் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் காட்டியது.

கெமிஸ்ட்ரியோ ஜியாலஜியோ படித்தால் இது புரியுமா? மாமா ஃபீஸ் கட்டுகிறேன் என்கிறார், ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால்தான். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிறார். "நீ கிணறு கிணறா சுத்தி டேனரி மேல பழி போட்டா எங்க சோறு எங்கிருந்து வரும்?" என்று ஒரு நாள் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

காட்பாடி ஜங்ஷன்:

தங்கச்சி, கசப்பாகத்தான் சொல்வேன். சிஎஸ் எடு. நான் ஆற்காடு பக்கம். பி.எஸ்சி. பிசிக்ஸ் ஆசைப்பட்டுப் படித்தேன், முடித்து இரண்டு வருடம் டியூஷன் எடுத்துத்தான் சாப்பிட்டேன். அப்புறம் எம்.சி.ஏ. படித்து இப்போது பெங்களூரில் இருக்கிறேன். ஞாயிறு ராத்திரி காட்பாடியில் ரயில் ஏறும் கூட்டத்தில் பாதிப் பேர் என் கதைதான். கிணறு எங்கேயும் ஓடிவிடாது, கையில் சம்பளம் வந்த பிறகும் அளக்கலாம்.

(உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் வாங்கிய டெலஸ்கோப் மூன்று வருடமாகப் பரணில் இருக்கிறது.)

ராணிப்பேட்டை கெமிஸ்ட்:

பாப்பா, நான் டேனரி லேபில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கோர்ஸைப் பிறகு பேசலாம், முதலில் அந்தக் கோயில் கிணறு.

உன் மீட்டர் உப்பை எண்ணுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்த்து, ஒரு கணக்கால் பெருக்கி எண்ணைக் காட்டுகிறது. சாப்பாட்டு உப்பா, சுண்ணாம்புச் சத்தா, உரத்தில் வந்த நைட்ரேட்டா என்று அதற்குத் தெரியாது. எல்லோரும் பயப்படுகிற குரோமியத்தை அது பார்க்கவே பார்க்காது. குடிதண்ணீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உன் மீட்டரோ லிட்டருக்கு 1, 2, 3 மில்லிகிராம் என்று முழு எண்ணாகத்தான் நகரும். அதனால் எண் அதிகமாக இருந்தால் 'டேனரி' என்று எழுதாதே, 'கரைந்த உப்பு அதிகம்' என்று மட்டும் எழுது. 500 வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இனி உப்புக்கு வருவோம். ஆடு மாடு அறுத்த இடத்திலிருந்து தோல் அழுகாமல் வந்து சேர, 100 கிலோ தோலுக்கு 40 கிலோ உப்பு வரை போடுவார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பைத் தட்டுவது. மிச்சம் ஊற வைக்கும் தண்ணீரில் இறங்கும். எங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையில் பதப்படுத்தினார்கள், பிறகு குரோம் வந்தது. ஆனால் முன்னும் பின்னும் உப்பு மாறவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிரியை வைத்து அழுக்கைத் தின்ன வைக்கலாம், கரைந்த உப்பை அது தொடாது. அதற்கு ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் வேண்டும், கரண்ட் பில் அங்கேதான் ஏறும். 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் நம் பாலாற்று வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்கு நாடு முழுக்க இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள்.

மழைக்குப் பின் எண் ஏறுகிறது என்றால், மேலே எங்கேயோ உப்பு கிடக்கிறது, மழை அதைக் கரைத்து உள்ளே இறக்குகிறது என்று எனக்குப் படுகிறது. கோயில் பக்கம் முன்பு தோல் மண்டியோ கிடங்கோ இருந்ததா என்று வயதானவர்களைக் கேள். செப்டிக் டேங்க், மாட்டுக் கொட்டகை இருக்கிறதா என்றும் பார். நம் ஊர் கெட்டிப் பாறை பூமி, தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் ஓடும். நூறடி தள்ளியுள்ள இரண்டு கிணற்றுக்குச் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு லிட்டரை அளந்து எவர்சில்வர் பாத்திரத்தில் சிறு தீயில் வற்ற வை. கடைசியில் தீய்ந்துவிடாமல், கொதிக்கிற தண்ணீர் மேல் பாத்திரத்தை வைத்துக் காய வை. மிச்சத்தைச் சுரண்டி நகைக்கடைத் தராசில் நிறு. மூன்று கிராமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே வர வேண்டும். வாயில் வைக்காதே.

லேப் அக்கா:

நான் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. யாரும் பணத்தைப் பற்றிச் சொல்லவில்லையே! ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் உனக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. பொறியியலுக்கு 2021 முதல் இருக்கிறது. அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தனி. பி.எஸ்சி. சேர்ந்தாலும் அந்த 1000 வரும். ஆக, மாமாவின் நிபந்தனை உன்னைக் கட்டுப்படுத்தாது. நன்றி சொல்லிவிட்டு வேறு படிக்கலாம்.

ஜியாலஜி என்றால் சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது. எம்.எஸ்சி. முடித்தால் யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் (புவி அறிவியலாளர்) தேர்வு எழுதி மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்குப் போகலாம். கெமிஸ்ட்ரிக்கும் அதில் இடம் உண்டு. போட்டி கடுமை, மறைக்கவில்லை. எனக்கே வேலை கிடைக்க நான்கு வருடம் ஆனது.

ராணிப்பேட்டை கெமிஸ்ட்:

ஒன்று விட்டுவிட்டேன். கிண்டியில் ஏ.சி. டெக்கில் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) பி.டெக். லெதர் டெக்னாலஜி இருக்கிறது, பொறியியல் கலந்தாய்வில்தான் வரும். பக்கத்துக் காம்பவுண்டிலேயே 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். உப்பே போடாமல் தோலைக் காப்பது எப்படி என்றெல்லாம் அங்கே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. தண்ணீர் ஏன் கெட்டது என்று கேட்கிறவள் டேனரிக்குள் போய்ப் படிக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? உன் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்.

கிணற்றுத்தவளை:

எல்லோருக்கும் நன்றி. காட்பாடி அண்ணா, டெலஸ்கோப்பைப் பரணிலிருந்து இறக்குங்கள், இல்லாவிட்டால் எனக்கு விற்றுவிடுங்கள்.

ஐயா, வற்ற வைத்தேன். கேஸ் தீரும் என்று அம்மா திட்டியதால் விறகு அடுப்பில். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அடியில் முதலில் வெள்ளையாக ஒரு ஏடு படிந்தது, கடைசியில் பழுப்பு நிறத்தில் ஈரப் பொடியாக ஒட்டிக்கொண்டது. அடகுக் கடைக்காரர் முதலில் சிரித்தார், அப்புறம் தராசில் காகிதம் போட்டு அவரே நிறுத்துக் கொடுத்தார். 2.8 கிராம். நீங்கள் வேண்டாம் என்றதை நான் செய்யவில்லை, ஆனால் ஆயா செய்துவிட்டார். விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "சோத்து உப்புதான்டி, பின்னாடி கசக்குது" என்றார்.

அதோடு நிற்கவில்லை. கோயிலுக்குப் பின்னால், இப்போது நெட்டிலிங்க மரம் இருக்கிற இடத்தில், அம்மா பிறப்பதற்கு முன் ஒரு தோல் கொட்டகை இருந்ததாம். வாரம் இரண்டு வண்டி ஆட்டுத்தோல் வருமாம். தட்டின உப்பைக் கூடையில் அள்ளிப் பின்பக்கம் கொட்டியது யார் தெரியுமா? ஆயாவேதான். நாளுக்கு முக்கால் ரூபாய் கூலி. இரண்டு வருடமாக நான் அந்தக் கிணற்றைச் சுற்றுகிறேன், திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆளை ஒரு தடவை கேட்கவில்லை.

சில்வர் நைட்ரேட் வைத்துக் குளோரைடு பார்க்கலாம் என்று எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் சொல்கிறார்கள், சனிக்கிழமை பள்ளி லேபைத் திறந்து தருகிறார்களாம். கலந்தாய்வில் லெதர் டெக்னாலஜியை முதலில் போடப் போகிறேன், கெமிக்கல் இரண்டாவது. ஒருவேளை இரண்டும் கிடைக்காவிட்டால் என்று பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. மாமா இன்னும் பேசவில்லை. அம்மா மட்டும் நேற்று வேலை முடிந்து வரும்போது ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்தார், கம்பெனிக் குழாயில் பிடித்ததாம். "இதுவும் எழுது" என்றார். 1920.