விரலைக் கண் தொடரவில்லை: ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இ.எம்.டி.ஆர். பலன் தருமா?

தும்பை:
வணக்கம். 8 வயதுக் குழந்தை, ஆட்டிசம், இரண்டு மூன்று சொற்களில் பேசும். பல் சிகிச்சையின்போது நான்கு பேர் பிடித்து அழுத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஓட்டம், தூக்கமும் போயிற்று. "வாயைத் திற, வாயைத் திற" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. இ.எம்.டி.ஆர். (அதிர்ச்சி நினைவை மனதில் வைத்தபடியே கண்ணை இடமும் வலமும் அசைக்கும் மனச் சிகிச்சை) தொடங்கலாம் என்கிறார்கள். ஆனால் நாம் ஆட்டும் விரலை மூன்று முறைக்கு மேல் கண் தொடர்வதில்லை. வேதனையை 0 முதல் 10 வரை சொல்லச் சொன்னால் எப்போதும் 10தான். எதை மாற்றலாம்?

நெய்தல்:
கண்ணை விட்டுவிடுங்கள். முகத்துக்கு ஓரடி தூரத்தில் ஒருவர் கையை ஆட்டுவதே பல குழந்தைகளுக்குத் தாங்காது. இடமும் வலமும் மாறி மாறித் தூண்டல் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். முழங்காலில் தட்டலாம், மேளம் தட்டலாம், நின்ற இடத்தில் நடக்கவிடலாம். கையில் பிடிக்கும் அதிர்வுக் கருவி சிலருக்குக் கூசும். அதைக் காலுறைக்குள் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று செஷன்களில் நினைவைத் தொடவே வேண்டாம், எந்தத் தூண்டல் பிடிக்கிறது என்று மட்டும் பாருங்கள். நிதானப்படுத்த மெதுவாக 4 முதல் 6 தட்டல் போதும். நினைவைக் கையாளும்போதுதான் வேகம் கூட்ட வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 24 அசைவு என்றால், இங்கே 10இல் தொடங்கலாம்.

இந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. பரவலாகச் சொல்லப்படும் விளக்கப்படி, நினைவைப் பிடித்துக்கொண்டே இன்னொரு வேலையும் செய்யும்போது செயல் நினைவில் இடம் குறைகிறது, காட்சியின் கூர்மை மழுங்குகிறது. தட்டல் தாலாட்டுப் போலப் பழகிவிட்டால் அந்தச் சுமை இல்லை. அப்போது தாளத்தை மாற்றுங்கள்.

கார்த்திகைப்பூ:
எண் அளவுகோல் இந்தக் குழந்தைக்கு வேலை செய்யாது. உடலுக்குள் நடப்பதை உணர்ந்து பெயர் சொல்வதே ஆட்டிசத்தில் பலருக்குக் கடினம். கைகளை விரித்துக் காட்டும் "சின்னது / நடு / பெரியது" போதும். கூடவே பெற்றோரிடம் வழக்கமான நாளின் மூச்சு, கை உதறல், சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிரிப்பை நிம்மதி என்று எண்ணிவிடக் கூடாது. கை உதறலை நிறுத்தவும் கூடாது, குழந்தை தன்னைத் தாங்கிக்கொள்ளும் வழி அது.

பேச்சு குறைவு என்பதால் கதை முறையே ஏற்றது. பெற்றோர் பத்துப் பன்னிரண்டு குறு வாக்கியங்களில் எழுத வேண்டும். முதலில் வீட்டில் நன்றாக இருந்தது, நடுவில் நடந்தது, கடைசியில் "முடிந்துவிட்டது, இப்போது யாரும் பிடிக்கவில்லை." வாசிக்கும்போதே தட்டல். விவரம் துல்லியமாக இருக்கட்டும். நாற்காலி பச்சை என்றால் பச்சைதான். தவறாகச் சொன்னால் குழந்தை அதிலேயே நின்றுவிடும். "வாயைத் திற" என்ற வரி கட்டாயம் கதையில் வர வேண்டும், நினைவு சிக்கியிருப்பது அங்கேதான். வாசிக்கும் அம்மா அழுதால் குழந்தை அதைத்தான் பிடித்துக்கொள்ளும், ஆகவே முதலில் அவருடைய பதற்றத்தைக் கவனியுங்கள்.

"பாதுகாப்பான இடத்தைக் கற்பனை செய்" என்பதும் பலருக்கு எட்டாது. அதற்குப் பதில் பிடித்த ரயில் பொம்மையையே கையில் கொடுங்கள்.

தும்பை:
நன்றி. செஷனுக்குப் பிறகு மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து அழுவது, கத்துவது) கூடினால் நிறுத்திவிட வேண்டுமா?

நெய்தல்:
இரண்டு மூன்று நாள் கனவும் எரிச்சலும் வரக்கூடும், உடனே நிறுத்த வேண்டாம். நேரம், எவ்வளவு நீடித்தது என்று குறித்துவையுங்கள். வாரம் தாண்டியும் குறையவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். நினைவைத் தொடாத தயாரிப்புக் கட்டத்துக்குத் திரும்புங்கள். பள்ளி மாற்றம், பயணம் போன்றவற்றுக்கு முந்தின நாள் செஷன் வைக்காதீர்கள். "நிறுத்து" அட்டை ஒன்று குழந்தையின் கையிலேயே இருக்கட்டும். அதைக் காட்டிய நொடியே தட்டல் நிற்க வேண்டும். பிடித்து அழுத்தப்பட்ட குழந்தைக்கு, தான் சொன்னால் நிற்கும் என்ற அனுபவமே சிகிச்சையில் பாதி.

வேலிப்பருத்தி:
இரண்டு எச்சரிக்கை. இ.எம்.டி.ஆர். அதிர்ச்சி நினைவுக்கானது, ஆட்டிசத்துக்கானது அல்ல. பல் துளைக்கும் சத்தம் காதில் உண்மையாகவே வலிக்கிறது என்றால் அந்த வலி போகாது, காதடைப்பான் தொடர்ந்து வேண்டும். அடுத்த பல் சிகிச்சையிலும் பிடித்து அழுத்தப்போகிறார்கள் என்றால் எந்த மனச் சிகிச்சையின் பலனும் நிலைக்காது; முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஆதாரத்தின் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் குழந்தைகளின் அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்புக்கு இதைப் பரிந்துரைத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டுதலோ, 7 முதல் 17 வயதுக்கு அதிர்ச்சி சார்ந்த சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) பலிக்காதபோதுதான் இதைச் சொல்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. பெற்றோரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வலிப்பு உண்டென்றால், கண் தொடர்வதற்காக விளக்கு இடம் வலமாக ஓடும் ஒளிப்பட்டைக் கருவியைத் தவிர்த்து மருத்துவரிடம் கேளுங்கள். வீடியோ பார்த்து வீட்டில் நினைவைக் கிளறவும் வேண்டாம். மெதுவான தட்டல் மட்டும் வீட்டுக்குப் போதும்.