குடல் சிப்பில் ஃப்ளோ திறந்த மறுநாளே செல்கள் உரிந்து வருகின்றன

கேள்வி:
குடல் செல்களை வளர்க்கும் பிடிஎம்எஸ் (சிலிக்கோன் ரப்பர்) சிப். மேலும் கீழும் சேனல், நடுவில் துளையிட்ட மெம்பிரேன். சேனல் அகலம் 1 மி.மீ., உயரம் 150 மைக்ரான். பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) போட்டு ஒட்டி, மறுநாள் செல் பிடிக்கக் கொலாஜன் புரதம் பூசி, கேகோ-2 (மனிதக் குடல் செல் வகை) செல்களை விதைத்தோம். செல்கள் ஒட்டியதும் மீடியத்தை (செல்களுக்கான ஊட்டத் திரவம்) மணிக்கு 30 மைக்ரோலிட்டர் ஃப்ளோவில் ஓடவிட்டோம். அடுத்த நாள் பார்த்தால் இன்லெட் (திரவம் நுழையும்) பக்கம் மட்டும் தாள் தாளாக உரிந்திருக்கிறது. ஃப்ளோவைக் குறைக்கலாமா?

பதில் 1:
ஃப்ளோவைத் தொடாதீர்கள். சுவரில் விழும் இழுவிசை = 6 × பாகுநிலை × ஃப்ளோ ÷ (அகலம் × உயரத்தின் வர்க்கம்). உங்கள் அளவுகளுக்குச் சதுர செ.மீ.க்கு சுமார் 0.02 டைன் (விசையின் அலகு) தான். 2012-ல் ஹார்வர்டின் வீஸ் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட குடல் சிப்பிலும் இதே 30, இதே 0.02. கேகோ-2 இதற்கு அசையாது.

உரித்தது குமிழி. சேனலில் குமிழி நகரும்போது அதன் விளிம்பு செல்களைச் சுரண்டிக்கொண்டே போகும். இன்லெட் பக்கம் மட்டும் போயிருப்பதே அதற்கு அடையாளம். குளிர்ந்த மீடியத்தில் காற்று அதிகம் கரைந்திருக்கும். இன்குபேட்டரில் சூடேறியதும் வெளியே வரும். மீடியத்தை 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, வேக்குவம் ஃபில்டரில் இழுத்து, இன்னும் 5 நிமிடம் வேக்குவத்திலேயே விடுங்கள். கார்பன் டை ஆக்சைடும் போவதால் மீடியம் இளஞ்சிவப்பாகும். இன்குபேட்டருக்குள் போனால் நிறம் திரும்பிவிடும்.

டியூபைச் செருகுமுன் இன்லெட் மேல் ஒரு துளி நிற்கட்டும், டியூப் நுனியிலும் ஒரு துளி தொங்கட்டும். துளியோடு துளி சேர்ந்த பிறகே அழுத்துங்கள்.

பதில் 2:
குமிழி உண்மைதான். ஆனால் "மறுநாள் கொலாஜன்" என்பதை விடக்கூடாது. பிளாஸ்மா தந்த நீரீர்ப்பு நிலைக்காது. காற்றில் கிடக்கக் கிடக்க பிடிஎம்எஸ் பழையபடி நீரை விலக்கத் தொடங்கும். அப்போது பூச்சு திட்டுத்திட்டாகப் பிடிக்கும், மூலைகளில் காற்றும் தங்கும். ஒட்டிய கையோடு பூசுங்கள். முடியாவிட்டால் சேனலில் சுத்த நீரை நிரப்பியே வையுங்கள். சோதிக்க, காலிச் சிப்பின் இன்லெட்டில் 10 மைக்ரோலிட்டர் நீர் விடுங்கள். தானாக உள்ளே ஓடினால் சரி. முத்துப்போல் உருண்டு நின்றால் மறுபடி பிளாஸ்மா.

கேள்வி கேட்டவர்:
மீதமிருந்த சிப்பில் துளி உருண்டுதான் நிற்கிறது. மறுபடி பிளாஸ்மா போட்டு உடனே பூசுகிறேன். அடுத்து இதே சிப்பில் மருந்து உறிஞ்சலை அளக்கலாமா?

பதில் 1:
கொழுப்பில் கரையும் மருந்தானால் பிடிஎம்எஸ்ஸே விழுங்கிவிடும். குடல் உறிஞ்சியதாகத் தப்புக் கணக்கு வரும். செல் இல்லாத, பூச்சு மட்டும் உள்ள சிப்பில் அதே மருந்தை அதே நேரம் ஓடவிட்டு, அவுட்லெட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று முதலில் அளந்துவிடுங்கள். பாதி காணாமல் போனால் அந்த மருந்துக்கு வேறு பிளாஸ்டிக்கில் செய்த சிப்தான்.