அப்பாவின் 78 மாடல் புல்லட்: குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

நான்: (படம்) (படம்) புல்லட்டை முழுவதும் பிரித்தாகிவிட்டது. இன்ஜின் மேஜை மேல், சேஸ் சுவரோரம். டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், அடிப்பக்கம் முழுக்கத் துரு.

அம்மா: ஷெட்டில் எவ்வளவு நேரம் இருப்பாய்? ஸ்வெட்டர் போட்டுக்கொள். இங்கே கோயம்புத்தூரில் ஃபேன் ஓடுகிறது, மலை மேல் அருவங்காட்டில் எப்படிக் குளிரும் என்று எனக்குத் தெரியும்.

மாமா குன்னூர்: பாதி டேங்கோடு நின்ற வண்டி எல்லாம் நம் ஊரில் இப்படித்தான் கண்ணு. பகலில் வெயில், ராத்திரி பனி. காலி இடத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும். பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு வினிகர் ஊற்றி ஊற விடு. ஒரு கைப்பிடி நட்டு உள்ளே போட்டுக் குலுக்கு. கழுவினதும் ஹேர் டிரையர் பிடித்து உலர்த்தி, கொஞ்சம் ஆயில் சுற்றி விடு. ஈரத்தோடு விட்டால் கண் முன்னாலேயே மறுபடி துரு ஏறும்.

நான்: சரி மாமா. டேங்கில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கர் பசை மட்டும் போகவே இல்லை. நம் ஊர் நீலகிரித் தைலத்தைத் துணியில் நனைத்துத் துடைத்தேன், பெயின்டுக்கு ஒன்றும் ஆகாமல் வந்துவிட்டது. அடியில் தங்கக் கோடு அப்படியே இருக்கிறது!

அப்பா: அந்தக் கோடு கையால் போட்டது மா. திருவொற்றியூர் ஆலையில் பிரஷ்ஷை வைத்து ஒரே இழுப்பில் வரைவார்கள். அதன் மேல் பெயின்ட் அடித்துவிடாதே.

அண்ணா: (படம்) இதைப் பாருங்கள். பின்பக்க சேஸை வெட்டி, ஒற்றை சீட், அலாய் வீல், முன்னால் டிஸ்க். நம் வண்டியையும் இப்படி மாற்றினால் ஊரே திரும்பிப் பார்க்கும். செலவில் பாதி நான் தருகிறேன்.

நான்: அண்ணா, படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வண்டியில் வெட்டு வேண்டாம். இது மைசூர் வரை இரண்டு பேரும் மூட்டையுமாகப் போய் வந்த வண்டி. அந்த வேலையைத்தான் மறுபடி செய்ய வைக்கப்போகிறேன். மாற்றம் நிறைய உண்டு. எதை மாட்டினாலும் ஸ்பேனர் எடுத்துக் கழற்றினால் 78-ல் வந்தபடி நிற்கணும். வெட்டியதை ஒட்டலாம், பழையபடி ஆக்க முடியாது.

அண்ணி: சட்டமும் அதைத்தான் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில், கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று இருக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கலர் மாற்றினால்கூட ஆர்.சி.யில் ஏற்றணும்.

அத்தை கோத்தகிரி: விண்டேஜ் வண்டி என்று பதிவு செய்ய முடியுமாமே, அது என்ன?

அண்ணி: அதற்கு 50 வருஷம் தாண்டியிருக்கணும் அத்தை, பெரிய மாற்றமும் இருக்கக் கூடாது. 2021-ல் வந்த விதி. அப்படிப் பதிந்தால் கண்காட்சி, பேரணி மாதிரி விஷயங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினமும் ஓட்ட முடியாது. நமக்கு அது வேண்டாம். சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்தால் போதும். படிவம் 25, வண்டியை நேரில் காட்டணும், பசுமை வரி கட்டணும், 5 வருஷத்துக்குக் கொடுப்பார்கள். நம்முடையது நீலகிரிக்கு டிஎன் 43 என்ற நம்பர் வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர். கணினியில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார். இல்லை என்றால் பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்கணும்.

நான்: புத்தகம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது அண்ணி. திங்கட்கிழமை போகிறேன்.

மாமா குன்னூர்: பிரேக் டிரம்மைத் திறந்தாயா?

நான்: இன்னும் இல்லை மாமா.

மாமா குன்னூர்: திறக்கும்போது உள்ளே இருக்கிற தூசியை வாயால் ஊதாதே, காற்றும் அடிக்காதே. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிடு. மாஸ்க் போட்டுக்கொள்.

அம்மா: மாமா சொல்வதைக் கேள்.

அண்ணா: சரி, வெட்ட வேண்டாம். என்னவெல்லாம் மாட்டப் போகிறாய், அதையாவது சொல்.

நான்: பக்கப் பெட்டிக்கு கேரியர், ஏற்கெனவே இருக்கிற போல்ட் ஓட்டைகளிலேயே உட்காரும்படி. கிராஷ் கார்டு. பழைய நீள சீட்டுக்கு உள்ளே புது ஃபோம், மேலே அதே கறுப்பு ரெக்சின். அப்புறம் கரன்ட். இப்போது இருப்பது 6 வோல்ட், பனியில் எதிரே வருகிறவருக்கு நம் விளக்கு தெரியவே தெரியாது. ஸ்டேட்டர், ரெகுலேட்டர், காயில், ஹாரன், பேட்டரி எல்லாம் 12 வோல்ட்டுக்கு மாற்றுகிறேன். எல்.இ.டி. போட்டால் கரன்ட் குறைவாக இழுக்கும், பனிக்கு மஞ்சள் விளக்கு ஒன்றும் சேர்க்க முடியும். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற இரண்டு குட்டி விளக்கும் ஆம்பியர் மீட்டரும் அப்படியே இருக்கும்.

அப்பா: ஆம்பியர் மீட்டரை எடுத்துவிடாதே மா. அதை வைத்துத்தான் கிக் அடிக்கணும். யாரும் உனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, இங்கேயே எழுதுகிறேன். சாவியைப் போடு. கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே முள்ளைப் பார். பாயின்ட் (பிளக்கின் பொறிக்காகக் கரன்ட்டை விட்டு விட்டு நிறுத்துகிற தொடுமுனை) சேர்ந்திருக்கும்போது முள் இடப்பக்கம் சாயும். கால் கனக்கிற இடத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுகிற டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரை ஒரு துளி இறக்கு. லீவரை விடு. கிக்கரை மேலே வர விட்டு, முழு உடம்பையும் போட்டு ஒரே மிதி, அடி வரைக்கும். பாதியில் காலை எடுத்தால் திருப்பி அடிக்கும். ஆக்ஸிலரேட்டரைத் தொடாதே.

அப்பா: வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்பதையும் மறக்காதே. முதல் கியர் மேலே, மற்றது மூன்றும் கீழே. நீ இப்போது ஓட்டுகிற வண்டிக்கு நேர் எதிர். முதலில் கிரவுண்டில் ஓட்டிப் பழகு, காட் ரோட்டுக்கு அப்புறம் போகலாம். கியரைத் தேட வேண்டாம், நியூட்ரல் ஃபைண்டரைக் குதிகாலால் தட்டினால் இரண்டாவது, மூன்றாவது, நான்காவதிலிருந்து நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும்.

நான்: அப்பா, இதை அப்படியே எழுதி ஷெட் கதவில் ஒட்டுகிறேன்.

அத்தை கோத்தகிரி: வெலிங்டனில் பட்டாளத்துக்காரர்கள் ஓட்டுவதைப் பார்த்துத்தான் அண்ணன் இதை வாங்கியே தீருவேன் என்று நின்றார். ஃபேக்டரிச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கின வண்டி. நல்லபடியாகச் செய் மா.

நான்: மாமா, கார்புரேட்டரைப் பற்றி ஒரு சந்தேகம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளிக்கு வைத்த செட்டிங்கில் ஓட்டினால் பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கறுக்கும். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துகிற நீடிலின் (ஊசி) கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் பெட்ரோல் குறைந்து சரியாகும். ஆனால் மைசூர் போகும்போது?

மாமா குன்னூர்: அங்கேதான் கவனம். மலைக்கு என்று பெட்ரோலைக் குறைத்து வைத்துக்கொண்டு கீழே இறங்கி வேகமாக ஓட்டினால் இன்ஜின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நீண்ட பயணத்துக்கு சமவெளி செட்டிங்கே வை. மேலே கொஞ்சம் இழுவை குறையும், பரவாயில்லை. பிளக்கை மட்டும் அடிக்கடி துடை. பெட்ரோல் குழாய், வாஷர் எல்லாம் புதிதாகப் போடு. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பரை அது தின்றுவிடும். ஈரத்தையும் இழுக்கும்.

அண்ணா: எந்த வழியாகப் போகப் போகிறாய்? கல்லட்டியா?

நான்: கூடலூர் வழி. கல்லட்டியில் 36 கொண்டை ஊசி, செங்குத்து இறக்கம். டிரம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடாகிப் பிடிமானம் போய்விடும். இரண்டாவது கியரில் இன்ஜினே பிடிக்கும்படி இறங்கினாலும், புதிதாக போர் அடித்த (தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கிய) இன்ஜினை முதல் பயணத்திலேயே அப்படி வதைக்க மனசில்லை.

அம்மா: காட்டு வழியில் இருட்டுக்கு முன் போய்விடணும்.

அண்ணி: பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை விடவே மாட்டார்கள் அத்தை. 2009-லிருந்து தடை.

மாமா குன்னூர்: போர் அடிக்கிறது என்றதும் நினைவு வந்தது. சிலிண்டரை மட்டும் லேத்துக்கு அனுப்பாதே. ஓவர்சைஸ் பிஸ்டனை, அதாவது பழையதைவிடக் கொஞ்சம் பெரியதை, முதலில் வாங்கு. அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்குத் தகுந்த மாதிரிதான் போர் அடிக்கணும். அளவு எழுதின காகிதத்தை நம்பி அடித்துவிட்டு அப்புறம் பிஸ்டன் வாங்கினால் பொருந்தாது.

நான்: பிஸ்டன் வாங்கிவிட்டேன் மாமா, ரிங்கும் சேர்த்து. அண்ணா, உன் வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல லேத் இருக்கிறதே. சிலிண்டரையும் பிஸ்டனையும் துணியில் சுற்றிச் சாக்கில் கட்டி நாளைக்குக் காலை பஸ்ஸில் கொண்டுவருகிறேன். மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்கிறாயா?

அண்ணா: வருகிறேன். லேத்தில் நானே கூட நிற்கிறேன். பக்கப் பெட்டி இரண்டும் என் செலவு, அதில் பேச்சு இல்லை.

அப்பா: நானும் லேத்துக்கு வருகிறேன். சிலிண்டர் சுவரில் விரலை வைத்துப் பார்க்கணும்.