கைக்குழந்தைக்குக் குடலிறக்கம்: களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

(தமிழ்நாடு-கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்த குறிப்புகள்)

களியக்காவிளையிலிருந்து:

பிள்ளை முக்கி அழும்போது தொடையிடுக்கில் ஒரு புடைப்பு வரும், தூங்கினால் காணாமல் போகும். வீட்டில் ‘வாயு இறங்கியிருக்கு’ என்பார்கள். வாயு இல்லை, குடல். கருவில் வயிற்றுக்குள் இருக்கும் விரை, விரைப்பைக்கு இறங்கி வந்த வழி பிறப்பை ஒட்டி மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் நின்றால் குடல் அதே வழியில் இறங்கும். ஆண் பிள்ளைகளுக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கும் அதிகம், வலது பக்கத்தில் அதிகம். பெண் குழந்தைக்கும் வரும், சில நேரம் இறங்குவது சினைப்பையாகவே இருக்கும்.

தொப்புள் புடைப்போடு இதைக் குழப்ப வேண்டாம். தொப்புளுக்கு நாலைந்து வயது வரை பொறுக்கலாம், பெரும்பாலும் தானே மூடும். (காசு வைத்துக் கட்டினால் தோல்தான் புண்ணாகும்.) விரைப்பையில் நீர் கோத்த ஓதத்துக்கும் ஒன்றிரண்டு வயது வரை பார்ப்பார்கள். தொடையிடுக்குக் குடலிறக்கம் தானாகச் சரியாகாது, அதனால் ஆபரேஷனைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

ஓபியில் டாக்டர் பார்க்கும் நேரத்தில் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும், புடைப்பு இருக்காது. வீட்டில் அழும்போதே துணியை விலக்கி, இரண்டு பக்கத் தொடையிடுக்கும் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் படமே பாதி பரிசோதனை.

புடைப்பு கல் மாதிரி இறுகி, உள்ளே போகாமல், தோல் சிவந்து, பிள்ளை அடங்காமல் அழுது, பச்சையாக வாந்தி எடுத்தால் ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. நடு ராத்திரியானாலும் வண்டி எடுங்கள். வழியில் பால் வேண்டாம், எண்ணெய் தடவி அமுக்கிப் பார்க்கவும் வேண்டாம். குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் கெட்டுப்போகும், பக்கத்திலிருக்கும் விரைக்கும் ஆபத்து.

பாறசாலையிலிருந்து:

ஆபரேஷனுக்கு முன் பிள்ளையைப் பட்டினி போடும் கணக்கு சொல்கிறேன், அதிகம் தப்புவது இங்கேதான். பொதுவாக 2-4-6. தெளிந்த தண்ணீர் என்றால் 2 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4, டின் பால், பசும்பால், கூழ் எல்லாம் 6. காலை 8 மணி என்று சொன்னால் தாய்ப்பால் 4 மணிக்குள், டின் பால் 2 மணிக்குள் முடிந்திருக்க வேண்டும். உங்கள் வார்டில் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு.

நிறையப் பேர் ராத்திரி பத்து மணிக்குக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். பிள்ளை பசியில் கத்தி, வாய் வறண்டு வருகிறது, நரம்பு கிடைப்பதும் கஷ்டமாகிறது. மூன்றரைக்கு அலாரம் வைத்து எழுப்பி, வயிறு நிறையக் கொடுங்கள். இதற்கு நேரெதிர், ஐந்தரை மணிக்கு ‘பாவம், தொண்டை காயுது’ என்று பாட்டி கொடுக்கும் ஒரு பாலாடைப் பால். உரை மருந்து, கிரைப் வாட்டர் எல்லாம் இதில் சேரும். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அன்றைக்கு ஆபரேஷன் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

செங்கோட்டையிலிருந்து:

திருவனந்தபுரம் போகிற நம்ம பக்கத்தாருக்கு நாலு வார்த்தை. நர்ஸ் ‘பனியுண்டோ’ என்று கேட்டால் குளிரைப் பற்றி இல்லை, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிறார். கன்னியாகுமரிக்காரர்களுக்குத் தெரியும், நாம் ‘ஏசி கொஞ்சம் கூடுதல்தான்’ என்று பதில் சொல்லுவோம். ‘சர்தி’ வாந்தி, ‘சும’ இருமல், ‘துன்னல்’ தையல். டிஸ்சார்ஜ் நேரத்தில் ‘முறிவு நனயாதெ நோக்கணம்’ என்பார்கள். எலும்பு முறிந்ததோ என்று பதற வேண்டாம், மலையாளத்தில் முறிவு என்றால் காயம்.

மார்த்தாண்டத்திலிருந்து:

பிள்ளையை உடம்பில் ஒன்றுமில்லாமல் கொண்டுபோங்கள். அரைஞாண் கயிறு கிடப்பது கீறல் போடும் இடத்துக்குப் பக்கத்தில்தான். அதில் வெள்ளித் தாயத்து கோத்திருந்தால், ரத்தம் நிறுத்தக் கரண்டு கருவி வைக்கும்போது உலோகம் பட்ட தோல் சுடலாம். வசம்பு வளையலும் கருகமணியும் டிரிப் ஊசி குத்தும் மணிக்கட்டை மறைக்கும். முதல் நாள் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால் நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பட்டை வழுக்கி வந்துவிடும். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் போதும். சாஸ்திரத்துக்கு வேண்டுமென்றால் அரைஞாணை அவிழ்த்துப் பாட்டி மடியில் முடிந்துகொள்ளட்டும், பிறகு கட்டலாம். எங்கள் பக்கம் இதுக்கு வரும் சண்டை ஆபரேஷனைவிடப் பெரிசு!

அருமனையிலிருந்து:

சளி, காய்ச்சல் இருந்தால் முதல் நாளே போன் செய்து சொல்லுங்கள். மூச்சுக்குழாய் எரிச்சலாக இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் தொண்டை இறுகி மூச்சு அடைக்கலாம், அதனால் சில வாரம் தள்ளிவைப்பார்கள். அதே வாரத்தில் தடுப்பூசி வந்தால் அதையும் கேளுங்கள். ஊசிக் காய்ச்சலா, ஆபரேஷன் காய்ச்சலா என்று பிறகு பிரித்தறிய முடியாது. குறைமாதப் பிள்ளையென்றால் பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு விட மாட்டார்கள். மயக்கத்துக்குப் பிறகு இடையிடையே மூச்சு நிற்கும் வாய்ப்பு உண்டு, ராத்திரி மானிட்டரில் வைத்துப் பார்ப்பார்கள். மாற்றுத்துணி இரண்டு நாளைக்கு எடுங்கள்.

குலசேகரத்திலிருந்து:

ஆபரேஷன் பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி வேலை. தோல் மடிப்பில் ஏறக்குறைய 2 செ.மீ. கீறல். குடல் இறங்கிய சவ்வுப் பையைப் பிரித்து, அந்தப் பையின் கழுத்தில் கட்டி, வெட்டிவிடுவார்கள். பெரியவர்களுக்கு வைக்கும் வலை கிடையாது. தையல் உள்ளே கரையும், பிரிக்க வேண்டியதில்லை. முதுகின் அடியில் மரப்பு ஊசி போட்டிருந்தால் சில மணி நேரம் கால்கள் துவண்டு கிடக்கும், பயப்பட வேண்டாம். நன்றாக விழித்ததும், கேட்டுவிட்டுப் பால் கொடுக்கலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது பாரசிட்டமால். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி., 6 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதுவது வழக்கம். 6 கிலோ பிள்ளைக்கு 90 மி.கி. சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. என்றால் 0.9 மி.லி. சிரப்பில் 5 மி.லி.க்கு 125 என்றால் 3.6 மி.லி. சிரப் அளவைச் சொட்டு பாட்டிலிலிருந்து எடுத்தால் நாலு மடங்கு உள்ளே போகும். மெடிக்கலில் ‘இது இல்லை, அது இருக்கு’ என்று பாட்டிலை மாற்றிக் கொடுக்கும்போதுதான் இது நடக்கிறது. லேபிளைப் பார்த்துக் கணக்கை மறுபடி போடுங்கள். பாட்டிலோடு வந்த சிரிஞ்சிலேயே கொடுங்கள், டீஸ்பூன் வேண்டாம்.

விரைப்பை வீங்கி நீலம் பாரித்திருப்பது சகஜம், இரண்டு மூன்று வாரத்தில் வடியும். டயப்பரின் முன்பக்கத்தைக் காயத்துக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள், மூத்திரம் ஊறினால் கட்டு பிரியும். உருக்குத் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் காயத்தில் படக் கூடாது. காயம் சிவந்து சீழ் வந்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஏறினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ திரும்பிப் போங்கள்.

களியக்காவிளையிலிருந்து:

ஒன்று விட்டுப்போனது. சில பிள்ளைகளுக்குப் பிறகு மறுபக்கமும் இறங்கும். குளிப்பாட்டும்போது அழத்தான் செய்யும், அப்போது அந்தப் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.