பிரேக் பூஸ்டர் சென்சாரை மாற்றிய பிறகும் பி0557 திரும்ப வருகிறது: வயரிங்கை எப்படிச் சோதிப்பது?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்):

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஏழு ஆண்டு ஓடிய ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி அதில் உண்டு. மூன்று மாதமாக அந்த வசதி வேலை செய்யவில்லை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. ஸ்கேனரில் பார்த்தால் பி0557 என்ற பிழைக் குறியீடு, அதாவது பிரேக் பூஸ்டர் (பெடலை மிதிக்கும் விசையைப் பெருக்கிக் கொடுக்கும் பாகம்) அழுத்த சென்சாரின் மின்சுற்றில் சிக்னல் அளவுக்கு மீறிக் குறைந்திருக்கிறது என்று வருகிறது.

ஒரு பணிமனையில் சென்சாரை மாற்றினார்கள். இரண்டாம் நாளே விளக்கு மறுபடி எரிந்தது. இப்போது பூஸ்டரையே மொத்தமாக மாற்ற வேண்டும், அதற்கும் சரியாகாவிட்டால் இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) என்கிறார்கள். பூஸ்டர் ஒன்றுக்கே இருபதாயிரத்துக்கு மேல் கேட்பதால் நானே மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சென்சாரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, சாவியை ஆன் நிலையில் வைத்து அளந்தபோது, 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 4.98 வோல்ட் இருந்தது. கிரவுண்டும் சரியாக இருந்தது. ஆக வயரிங்கில் குறை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினால் சில சமயம் ஒரு நாள் தாங்குகிறது; சில சமயம் பாலத்தின் இணைப்பில் வண்டி குலுங்கும்போதே விளக்கு எரிந்துவிடுகிறது. பெடலில் எந்த மாற்றமும் தெரியவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊருக்குள் வெள்ளம் புகுந்தபோது, பாதிச் சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீரில் இந்த வண்டி ஒரு நாள் முழுவதும் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூஸ்டருக்குச் செலவு செய்யலாமா?

உப்பளம் (புதுச்சேரி):

செலவு செய்வதற்கு முன்னால் பூஸ்டர் நன்றாக இருக்கிறதா என்பதைக் காலாலேயே தெரிந்துகொள்ளலாம். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் கல் மாதிரி இறுகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். பிறகு காலை எடுக்காமல் அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் வேக்குவம் (காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடம்) பூஸ்டருக்கு வருகிறது, உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரமும் வேலை செய்கிறது என்று பொருள். அடுத்து, எஞ்சின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடித்தபடி எஞ்சினை அணைத்து, அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பெடல் மேலே எழும்பிக் காலைத் தள்ளினால் வேக்குவம் எங்கோ கசிகிறது; அசையாமல் நின்றால் கசிவு இல்லை. ஹோஸில் இருக்கும், காற்றை ஒரே திசையில் விடும் செக் வால்வையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இந்தச் சோதனைகளில் தேறிய பூஸ்டரை மாற்றுவது வீண். வேக்குவம் உண்மையிலேயே குறைந்திருந்தால் பெரும்பாலும் பி0556 (அளவீடு எதிர்பார்த்த வரம்பில் இல்லை) தான் வரும். பி0557 மின்சாரம் சார்ந்த புகார்.

வயர்மேன் (முதலியார்பேட்டை):

மேலே நண்பர் சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் அளந்த விதத்தில் ஒரு பிழை இருக்கிறது. தொழிலில் இருப்பவர்களே அதை அடிக்கடி செய்வதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்தச் சென்சாருக்கு மூன்று கம்பிகள். இசியூ அனுப்பும் 5 வோல்ட் ஒன்று, கிரவுண்ட் ஒன்று, அழுத்தத்திற்கு ஏற்ப ஏறி இறங்கும் சிக்னல் ஒன்று. கனெக்டரைக் கழற்றிவிட்டு 5 வோல்ட் கம்பியை அளக்கும்போது அந்தக் கம்பியில் மின்னோட்டம் ஏறத்தாழ இல்லவே இல்லை, ஏனென்றால் சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும். வழியில் ஓர் இணைப்பு அரித்துப் பச்சை பிடித்து, அங்கே முந்நூறு ஓம் தடை உருவாகியிருந்தாலும், 10 மெகா ஓமுக்கு முன்னால் அது ஒரு பொருட்டே அல்ல என்பதால் மீட்டர் 4.98 என்றே காட்டும். சென்சாரைச் செருகியதும் அது சில மில்லி ஆம்பியர் இழுக்கத் தொடங்கும். அந்த மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், முந்நூறு ஓமில் 3 வோல்ட் போய்விடும். சென்சாருக்கு மிஞ்சுவது 2 வோல்ட் மட்டுமே. அவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் அதன் உள்ளே இருக்கும் சில்லு ஒழுங்காக வேலை செய்யாது, சிக்னல் அடியில் ஒட்டிக்கொள்ளும், இசியூவும் பி0557 என்று எழுதிவிடும். புதுச் சென்சார் போட்டும் பயனில்லாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

ஆகவே கனெக்டரைச் செருகிய நிலையிலேயே அளக்க வேண்டும். கனெக்டரின் பின்பக்கமாக, ரப்பர் சீலுக்கும் கம்பிக்கும் இடையே மெல்லிய ஊசியைச் செருகி அளந்தால் போதும். கம்பியின் மேலுறையைக் குத்தி ஓட்டை போடாதீர்கள். நம் ஊர்களின் உப்புக்காற்று அந்த ஓட்டை வழியாகப் புகுந்து, ஓராண்டில் இன்னொரு கோளாறைக் கொண்டுவந்துவிடும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்பை இந்த 5 வோல்ட் கம்பியில் வைக்கவே கூடாது. அது இழுக்கும் மின்னோட்டத்தை இசியூவின் அந்தப் பகுதி தாங்காமல் போகலாம்.

கிரவுண்ட் கம்பியையும் இதே முறையில், செருகிய நிலையில் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு வைத்து அளவிடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஆனால் கிரவுண்டில் தடை இருந்தால் சிக்னல் வழக்கத்தைவிட மேலே ஏறும், பி0558 (சிக்னல் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கிறது) தான் வரும். உங்களுக்கு வருவது பி0557 என்பதால் என் சந்தேகம் 5 வோல்ட் கம்பியின் மேல்தான்.

இசியூவைப் பற்றிய பயத்தைப் போக்கவும் ஒரு வழி உண்டு. கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் 5 வோல்ட் முனையையும் சிக்னல் முனையையும் ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்துவிட்டு, ஸ்கேனரின் லைவ் டேட்டாவை (அந்தந்த நொடியின் அளவீடுகளை) பாருங்கள். பூஸ்டர் அழுத்தம் உச்சத்துக்குத் தாவினால் சிக்னல் கம்பியும் இசியூவும் நன்றாக இருக்கின்றன. ஆனால் இந்தச் சோதனையிலும் மின்னோட்டம் மிகக் குறைவு. இதை வைத்து 5 வோல்ட் கம்பிக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று: சாவி ஆன், எஞ்சின் அணைந்த நிலையில், பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தைப் பெடலை மிதித்துத் தீர்த்துவிட்டுப் பார்த்தால், முழு அழுத்தத்தை (வெற்றிடத்தைப் பூஜ்யமாகக் கொண்டு) காட்டும் வகைச் சென்சார் வெளிக்காற்றின் அழுத்தமான 100 கிலோ பாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும். கடலூரும் புதுச்சேரியும் கடல் மட்டத்திலேயே இருப்பதால் இதற்குக் கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லை. இன்டேக் மேனிஃபோல்டு சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) காட்டும் எண்ணோடு ஒப்பிட்டாலே போதும்.

கெடிலக்கரை:

மிக்க நன்றி ஐயா. காலால் செய்யும் சோதனைகள் இரண்டிலும் பூஸ்டர் தேறிவிட்டது. ரெசிஸ்டர் சோதனையில் எண் உடனே உச்சத்துக்குப் போனது. இன்டேக் சென்சார் 101 காட்டும்போது பூஸ்டர் சென்சார் 12 காட்டியது. பிறகு தையல் ஊசியைப் பின்பக்கம் செருகி அளந்தேன். கனெக்டர் கழன்ற நிலையில் 4.98, செருகியதும் 1.9. கிரவுண்டில் 0.02 தான். நான்கு முறை திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், மாறவில்லை. எங்கே தேடுவது?

வயர்மேன் (முதலியார்பேட்டை):

இந்த 5 வோல்ட் வேறு சில சென்சார்களுக்கும் சேர்ந்து போகிறதா என்று உங்கள் வண்டியின் வயரிங் படத்தில் பாருங்கள். அப்படிப் போனால், அவற்றில் எதற்கும் பிழைக் குறியீடு வராததால், இசியூவிலிருந்து கிளை பிரியும் இடம் வரை கம்பி நன்றாக இருக்கிறது. பழுது அந்த இடத்துக்கும் பூஸ்டருக்கும் நடுவில். லைவ் டேட்டாவை வரைபடமாக வைத்து, ஒருவரை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு, ஹார்னஸை (டேப் சுற்றிய கம்பிக் கட்டை) ஒரு சாண் ஒரு சாணாக மெல்ல அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் கை வைக்கும்போது வரைபடத்தின் கோடு துள்ளுகிறதோ அந்த இடத்தில் டேப்பைப் பிரியுங்கள்.

பழைய ஸ்பேனர் (நெல்லிக்குப்பம்):

வெள்ளத்தையே எல்லோரும் குற்றம் சொல்கிறோம். பாதிச் சக்கரத் தண்ணீர் பூஸ்டர் உயரத்துக்கு வந்திருக்காது. வண்டி வேப்ப மரத்தடியிலோ புங்க மரத்தடியிலோ நிற்குமா? வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் இலை அடைத்தால் மழைத்தண்ணீர் வெளியேறாமல் தேங்கி, நேராகப் பூஸ்டருக்கு மேலே செல்லும் ஹார்னஸில் சொட்டும். அந்தப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி முதலில் அங்கே பாருங்கள்.

கெடிலக்கரை:

நெல்லிக்குப்பத்து ஐயா நேரில் பார்த்ததுபோலச் சொல்லிவிட்டார். வீட்டு வாசலில் வேப்ப மரம்தான். மூடியைத் திறந்தால் இரண்டு கைப்பிடி இலைச்சருகு மக்கிக் கிடந்தது. அதற்கு நேர் கீழே ஹார்னஸ் டேப் வெளுத்து உப்பியிருந்தது. அசைத்ததும் 12 என்ற எண் 95 வரை தாவி, மீண்டும் விழுந்தது. டேப்பைப் பிரித்தபோது மூன்று கம்பிகள் சேரும் இணைப்பில் ஒரு கம்பி முழுவதும் பச்சைப் பொடியாகி, இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈயத்தால் பற்ற வைக்கலாமா, கிரிம்ப் (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைப்பது) செய்வதா?

வயர்மேன் (முதலியார்பேட்டை):

செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை வெட்டிவிடுங்கள். பச்சை உள்ளே இரண்டு விரற்கடை வரைகூட ஏறியிருக்கும். நீளம் போதாவிட்டால் அதே தடிமனில் ஒரு துண்டு சேருங்கள். உள்ளே பசை கொண்ட, சூட்டில் சுருங்கும் உறையுள்ள ஹீட் ஷ்ரிங்க் கிரிம்ப் இணைப்பே நம் கடற்கரைக்கு ஏற்றது. பற்ற வைத்தால் அமிலம் கலந்த பேஸ்ட் வேண்டாம், ரோசின் (மரப்பிசின்) வகையே போதும். புளிக்காடி வாசம் வரும் சிலிகானையும் பக்கத்தில் சேர்க்காதீர்கள், அதன் ஆவி செம்பை அரிக்கும். வெறும் இன்சுலேஷன் டேப் எஞ்சின் சூட்டில் பசை உருகி ஒரு கோடைக்குள் பிரிந்துவிடும். முடித்த பின், செருகிய நிலையில் மறுபடி அளந்து எண்ணைச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:

செருகிய நிலையில் இப்போது 4.96. எஞ்சின் அணைந்த நிலையில் இரு சென்சாரும் 101 காட்டுகின்றன. பிழைக் குறியீட்டை அழித்து இருபது நாளாகிறது. புதுச்சேரிக்கு நான்கு முறை போய் வந்துவிட்டேன், விளக்கு எரியவில்லை. நேற்று திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட்டில் நின்றபோது எஞ்சின் தானாக அணைந்தது. பழகாத மனைவி வண்டி நின்றுவிட்டதோ என்று பதறிவிட்டார். கழற்றி வைத்த பழைய சென்சாரையும் ஒரு முறை மாட்டிப் பார்த்தேன். அதுவும் 101 தான் காட்டுகிறது.

பழைய ஸ்பேனர் (நெல்லிக்குப்பம்):

அந்தப் பழைய சென்சாரை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த மூடியைத் திறந்து சருகை ஒரு முறை அள்ளிவிடுங்கள்.