செஸ் ஒலிம்பியாட் பார்க்கப் போகிறோம்: புடாபெஸ்டையும் பார்த்துவிட முடியுமா?

கறுப்புக்குதிரை (ஆகஸ்ட் 2024)

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் 10 முதல் 23 வரை ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் நடைபெறவிருக்கும் 45ஆவது செஸ் ஒலிம்பியாடைப் பார்ப்பதற்காக நான், மனைவி, பன்னிரண்டு வயது மகள் ஆகிய மூவரும் செல்கிறோம். குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி ஆகியோர் ஆடும் பலகைகளை எட்டி நின்றாவது பார்த்துவிட்டால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்கிறாள் மகள். மனைவிக்குச் சதுரங்கத்தில் நாட்டம் கிடையாது. ஆயிரமாண்டுப் பழமை கொண்ட ஒரு நாட்டின் தலைநகருக்குப் போய்விட்டு, கூரைபோட்ட அரங்கத்துக்குள் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவதா என்பது அவர் கேள்வி, அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆட்டங்களைத் தவறவிடாமல் நாடாளுமன்றக் கட்டடம், புடா கோட்டை, வெந்நீர்க் குளியல் நிலையங்கள் ஆகியவற்றைப் பார்க்க இயலுமா? ஓய்வுநாளான 17ஆம் தேதியை எப்படிப் பயன்படுத்துவது? நகரை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வழித்துணை

தாராளமாக இயலும். பெரும்பாலான சுற்றுகள் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தொடங்குகின்றன என்பதால் காலைப்பொழுது முழுவதும் உங்களுடையது. 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடக்கும் இறுதிச் சுற்று மட்டும் முற்பகலிலேயே தொடங்கிவிடும். அன்றைக்கு வேறெந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

என் பரிந்துரை இதுதான்: ஆட்டம் உள்ள நாட்களில் தன்யூப் ஆற்றைக் கடக்க வேண்டாம். போட்டி நடக்கும் பி.ஓ.கே. அரங்கம் ஆற்றின் கிழக்குக்கரையான பெஸ்ட் பகுதியில், டோஜா டியோர்ஜ் சாலையின் தென்முனையில் இருக்கிறது. அதே சாலையில் வடக்கே நடந்தால் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் மாவீரர் சதுக்கத்தை அடைந்துவிடலாம். வழியில், 2022இல் திறக்கப்பட்ட இனவரைவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் இரு முனைகளும் தரையிலிருந்து மேல்நோக்கி வளைந்து எழுகின்றன. கூரை முழுவதும் புல்லும் செடிகளுமாக இருக்க, மக்கள் அதன் மீது ஏறி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். கூரையில் ஏறுவதற்குக் கட்டணம் கிடையாது. சதுக்கத்தில் ஆர்பாத் உள்ளிட்ட ஏழு ஹங்கேரியக் குலத்தலைவர்களின் சிலைகளையும், நடுவில் உயர்ந்து நிற்கும் தூணையும் பார்த்துவிட்டு, பின்புறம் இருக்கும் நகரப் பூங்காவுக்குள் நுழைந்தால், 1913இல் திறக்கப்பட்ட செச்செனி குளியல் நிலையம் வந்துவிடும்.

உங்கள் மகளைக் கட்டாயம் அங்கே அழைத்துச் செல்லுங்கள். நீராவி எழும் திறந்தவெளி வெந்நீர்க் குளத்தில் மார்பளவு நீரில் நின்றுகொண்டு, பலகையைக் குளத்தின் விளிம்பில் வைத்து முதியவர்கள் சதுரங்கம் ஆடுவதைப் பார்க்கலாம். சுற்றிலும் நான்கைந்து பேர் நின்று, கேட்காமலேயே யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இது சுற்றுலாப் பயணிகளுக்காகப் புதிதாக ஏற்படுத்திய காட்சி அன்று, நெடுநாளைய வழக்கம்.

திரும்பும்போது அந்த்ராஷி சாலையின் அடியில் ஓடும் மஞ்சள் நிறச் சுரங்க ரயிலில் ஏறிப் பாருங்கள். ஐரோப்பியப் பெருநிலப்பரப்பின் முதல் சுரங்க ரயில் அது. 1896இல், ஹங்கேரியர் இந்நிலத்தில் குடியேறிய ஆயிரமாவது ஆண்டு விழாவின்போது திறக்கப்பட்டது. தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழேயே ஓடுவதால், பல நிலையங்களில் சாலையின் ஒரு பக்கப் படிக்கட்டு ஒரு திசைக்கும் எதிர்ப்பக்கப் படிக்கட்டு மறு திசைக்கும் மட்டுமே இட்டுச்செல்லும். உள்ளே கடந்து மாறிக்கொள்ள வழியில்லை. எனவே இறங்குவதற்கு முன்பே பலகையில் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டைப் பகுதியை ஓய்வுநாளுக்கு ஒதுக்கிவிடலாம்.

மேல்தளச்சாளரம்

நான் இந்நகரில் வசிப்பவள். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் "ஆற்றைக் கடக்க வேண்டாம்" என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. வரைபடத்தில் மேற்குக்கரையான புடா தொலைவாகத் தெரிந்தாலும், சிவப்பு நிற எம்2 சுரங்க ரயில் அந்தத் தொலைவை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. அரங்கத்துக்கு அருகிலுள்ள நிலையம் புஷ்காஷ் ஃபெரென்ட்ஸ் ஸ்டேடியம். அதே தடத்தில்தான் நாடாளுமன்றத்துக்கான கோஷுத் லாயோஷ் சதுக்கமும், கோட்டைக்குப் பேருந்து ஏறும் செல் கால்மான் சதுக்கமும் இருக்கின்றன. ரயில் மாற வேண்டியதே இல்லை. காலை எட்டு மணிக்குக் கோட்டையில் இருந்தால், நண்பகல்வரை நிதானமாகச் சுற்றிவிட்டு உணவருந்தி, மூன்று மணிக்குள் அரங்கத்துக்கு வந்துவிடலாம்.

அதிகாலையில் செல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மீனவர் கொத்தளத்திலிருந்து தெரியும் தன்யூப் ஆற்றையும் எதிர்க்கரை நாடாளுமன்றத்தையும் பத்து மணிக்குப் பிறகு பிறரின் தோள்களுக்கு இடையில்தான் பார்க்க முடியும். கோபுரங்களும் மாடங்களுமாக அது இடைக்காலக் கோட்டைபோலத் தோற்றமளித்தாலும், பக்கத்திலுள்ள மத்தியாஸ் தேவாலயத்தைப் புதுப்பித்த அதே கட்டடக்கலைஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுக்காகவே கட்டியது. போருக்காகக் கட்டியது அன்று. உண்மையான போர்களைக் கண்டது சற்றுத் தெற்கே இருக்கும் அரண்மனைப் பகுதி. 1541 முதல் 1686 வரை புடா உதுமானியர் வசம் இருந்தது. மீட்பதற்கான முற்றுகையிலேயே பழைய அரண்மனை பெரிதும் அழிந்தது. இரண்டாம் உலகப்போரின் முடிவில் நடந்த முற்றுகையிலும் அது எரிந்தது. இன்று நாம் பார்ப்பது பெரும்பகுதி போருக்குப் பிந்தைய மறுகட்டுமானம்.

உங்கள் மகளுக்கென்று ஒரு செய்தி. கோட்டைக்குன்றின் மேல், அரண்மனைக்குப் பக்கத்தில், பழைய கார்மலைட் மடம் ஒன்று இருக்கிறது. 2019இல் அது பிரதமர் அலுவலகமாயிற்று. 1780களில் அதன் தேவாலயத்தை நாடக அரங்கமாக மாற்றியமைத்தவர் வொல்ஃப்காங் வான் கெம்பெலன். தலைப்பாகை அணிந்த பொம்மை தானாகவே சதுரங்கம் ஆடுவதுபோல ஓர் இயந்திரத்தை 1770இல் பேரரசி மரியா தெரசாவின் அவையில் காட்டி ஐரோப்பாவையே வியக்க வைத்தவரும் இவர்தான். பெட்டிக்குள் ஒரு மனித ஆட்டக்காரர் ஒளிந்திருந்தார் என்பது தனிக்கதை. உள்ளே போக முடியாது. ஆனால் வெளியே நின்று இதைச் சொன்னால், சதுரங்கம் கற்கும் குழந்தை எவரும் அந்தக் கட்டடத்தை மறக்க மாட்டார்கள். புகழ்பெற்ற சதுரங்க வீராங்கனை ஜூடித் போல்கார் பிறந்த ஊரும் இதுவே. 1991இல், பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்று, மிக இளம் கிராண்ட்மாஸ்டர் என்ற பாபி ஃபிஷரின் சாதனையை அவர் முறியடித்தார்.

நாடாளுமன்றத்துக்கு நுழைவுச்சீட்டை இப்போதே இணையத்தில் வாங்கிவிடுங்கள். நேரம் குறித்த குழுக்களாகத்தான் அனுமதிப்பார்கள். அன்றன்றைக்குச் சென்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களுக்குக் கட்டணம் கூடுதல். ஹங்கேரியின் முதல் அரசரான புனித ஸ்தேவானின் பெயரால் வழங்கும் மகுடம் வைக்கப்பட்டுள்ள குவிமாட மண்டபத்தில் புகைப்படம் எடுக்கக் கூடாது. மகுடத்தின் உச்சியிலுள்ள சிலுவை சாய்ந்திருப்பதை அங்கே நின்றால் தெளிவாகப் பார்க்கலாம். குவிமாடத்தின் உயரம் 96 மீட்டர்; குடியேற்றம் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும் 896ஆம் ஆண்டை நினைவூட்டவே அவ்வாறு அமைத்ததாகச் சொல்வார்கள். புனித ஸ்தேவான் பேராலயத்தின் உயரமும் அதேதான்.

ஓய்வுநாள் செவ்வாய்க்கிழமை என்பதைக் கவனியுங்கள். 16ஆம் நூற்றாண்டில் உதுமானியர் கட்டிய ருடாஷ் குளியல் நிலையத்தின் பழைய எண்கோணக் குளம் செவ்வாய்க்கிழமைகளில் மகளிருக்கு மட்டும் உரியது. வெயில் ஏறும் நேரத்தில் குவிமாடத்தின் சிறு துளைகள் வழியாக வண்ண ஒளிக்கற்றைகள் நீரில் இறங்கும். உங்கள் மனைவிக்கு அந்தக் காலைப்பொழுதைக் கொடுத்துவிட்டு, நீங்களும் மகளும் எதிரே கெல்லெர்ட் குன்றில் ஏறலாம்.

நாற்பதாவது நகர்த்தல்

அரங்கத்தைப் பற்றி எவரும் சொல்லவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். முறைகேடுகளைத் தடுக்கும் விதிகள் கடுமையாக இருப்பதால், கைபேசி, கேமரா, கைக்கடிகாரம் போன்ற மின்னணுக் கருவிகளுடன் ஆட்டக்கூடத்துக்குள் செல்ல அனுமதிப்பதில்லை. காலையில் ஊர் சுற்றிவிட்டுக் கேமராப் பையும் முதுகுப்பையுமாக நேரே வந்தால் வாசலில் திண்டாட வேண்டியிருக்கும். கெலெட்டி ரயில் நிலையம் அரங்கத்துக்கு ஒரு நிறுத்தம் முன்னால் இருப்பதால், அந்தப் பகுதியில் தங்கினால் இடையில் அறைக்குச் சென்று பொருட்களை வைத்துவிட்டு வரலாம்.

மற்றொன்று: நாற்பது நகர்த்தல்களுக்கு ஒன்றரை மணி நேரம், அதன் பிறகு அரைமணி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது நொடி கூடுதல் என்பதே ஆட்ட நேரம். இருவருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் நேரக்கட்டுப்பாட்டை ஒட்டிய பரபரப்பு மாலை ஆறரை மணிவாக்கில்தான் வரும். வீரர்கள் உள்ளே நுழைவதைப் பார்க்க விரும்பினால் மூன்று மணிக்கே இருங்கள். அது முக்கியமில்லை என்றால் ஐந்து மணிக்கு வந்தாலும் இழப்பில்லை என்பது என் கருத்து. சிலர் சண்டைக்கு வரக்கூடும்.

ஹங்கேரியில் யூரோ இல்லை, ஃபோரின்ட் மட்டுமே. அட்டையில் செலுத்தும்போது உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, ஃபோரின்டையே தேர்ந்தெடுங்கள். விமான நிலையத்திலிருந்து நகர மையத்துக்கு வரும் 100இ பேருந்துக்குச் சாதாரணப் பயணச்சீட்டு செல்லாது, தனிச்சீட்டு வாங்க வேண்டும்.

கறுப்புக்குதிரை (செப்டம்பர் 19)

புடாபெஸ்டிலிருந்து எழுதுகிறேன், உங்கள் குறிப்புகள் எங்களுக்குப் பேருதவியாக இருந்தன. இரு இந்திய அணிகளும் ஆறு சுற்றுகளிலும் வென்று ஓய்வுநாளுக்குச் சென்றன. நேற்று சீனாவுக்கு எதிரான ஆட்டத்தில் மற்ற மூன்று பலகைகளும் சமனில் முடிய, குகேஷும் வெய் யீயும் ஆடிய ஆட்டம் மட்டும் நீண்டுகொண்டே போனது. குகேஷ் வெல்லும்வரை மகள் இருக்கையை விட்டு எழவில்லை, மனைவியும் எங்களுடனேயே இருந்தார் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

இப்போது ஒரு புதிய சிக்கல். மத்திய ஐரோப்பாவில் பெய்த பெருமழையால் தன்யூப் பெருக்கெடுத்து வருகிறது. கீழ்க்கரைச் சாலைகளையும் ஆற்றின் நடுவிலுள்ள மார்கரெட் தீவையும் மூடிவிட்டார்கள். சனிக்கிழமை காலைக்கு வைத்திருந்த படகுப் பயணமும் இல்லையென்று சொல்லிவிட்டார்கள். ஆற்றங்கரையில் இருக்கும் இரும்புக் காலணிகள் நினைவிடத்தை மனைவி பார்க்க விரும்பினார். மாற்று வழி ஏதேனும் உண்டா?

மேல்தளச்சாளரம்

நீர் வார இறுதியில்தான் உச்சத்தை எட்டும் என்கிறார்கள். ஆகவே கரையோரத் திட்டங்கள் அனைத்தையும் கைவிடுங்கள். ஆற்றோர டிராம்களையும் நம்ப வேண்டாம். 2013இல் நீர்மட்டம் 891 சென்டிமீட்டரைத் தொட்டபோதும் நகரம் தாக்குப்பிடித்தது என்பதால் அச்சம் தேவையில்லை. தடுப்புகளைத் தாண்டிப் படம் எடுக்கச் செல்லாமல் இருந்தால் போதும்.

நினைவிடம் நீர்விளிம்பிலேயே இருக்கிறது. 1944-45இல் ஆற்றங்கரையில் சுட்டுக்கொல்லப்பட்ட யூதர்களுக்காக, 60 இணைக் காலணிகளை இரும்பில் வார்த்து 2005இல் நிறுவினார்கள். இந்தப் பயணத்தில் அதை நெருங்க முடியாது. அதே வரலாற்றை அறிய டோஹானி தெருவின் யூதத் தொழுகைக்கூடத்துக்குச் செல்லலாம். 1859இல் திறக்கப்பட்ட அது ஐரோப்பாவிலேயே மிகப் பெரியது. அதன் வளாகத்திலேயே, அக்குளிர்காலத்தில் இறந்தோரின் கல்லறைத் தோட்டமும், இலைகளில் பெயர்கள் பொறித்த உலோக வில்லோ மரமும் உள்ளன. சனிக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால் நாளை வெள்ளிக்கிழமை காலையே சென்றுவிடுங்கள். மாலையில் யூதர்களின் வாராந்தர ஓய்வுநாள் தொடங்குவதால் முன்னதாகவே மூடிவிடுவார்கள். அஸ்டோரியா நிலையத்தில் இறங்க வேண்டும், அதுவும் எம்2 தடத்திலேயே இருக்கிறது.

சனிக்கிழமை காலை செச்செனிக்கு இன்னொரு முறை போகலாம், அல்லது மேட்டிலிருக்கும் கோட்டைக்குச் சென்று தேசிய ஓவியக்கூடத்தைப் பார்க்கலாம். பெருகி ஓடும் ஆற்றை அங்கிருந்து பாதுகாப்பாகப் பார்ப்பதற்கு எவரும் தடை சொல்ல மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலி செய்துவிட்டு நேரே அரங்கத்துக்குப் போவதாக இருந்தால், பெட்டிகளைக் கெலெட்டி நிலையத்தின் பொருள் காப்பகத்தில் வைத்துவிடுங்கள். இறுதிச் சுற்று என்பதால் அன்று கூட்டம் அதிகமாக இருக்கும். பத்து மணிக்கே வாசலில் இருப்பது நல்லது.