நுரையீரல் கதிர்வீச்சு பிளான்: கைக்கணக்கு 153 எம்.யூ., டி.பி.எஸ். 135. எதை நம்புவது?

புது ஃபிசிசிஸ்ட்:
வணக்கம். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. இடது நுரையீரல் கட்டி, 6 எம்.வி. எக்ஸ் கதிர், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டே ஃபீல்டு (கதிர் நுழையும் பாதை), நாளுக்கு 200 சென்டிகிரே. முன் ஃபீல்டுக்கு டி.பி.எஸ். (சிகிச்சைத் திட்டக் கணினி) 135 எம்.யூ. (கருவி விட வேண்டிய கதிரின் அலகு) தருகிறது. கையால் போட்டால் 153. பின் ஃபீல்டில் பிரச்சினை இல்லை: அது 93, நான் 95. எங்கள் வரம்பு 3 சதவீதம்.

நோயாளிக்குப் பதிலாக வைக்கும் தண்ணீர் பாண்டத்தில் இதே ஃபீல்டைப் போட்டால் இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. திங்கட்கிழமை முதல் சிகிச்சை. முன் ஃபீல்டுக்கு மட்டும் ஒரு திருத்தக் காரணி போட்டு நடுவில் வைக்கலாமா?

தாமரை:
காலையில் லினாக் (கதிர்வீச்சுக் கருவி) தரும் அவுட்புட் பார்த்தீர்களா? வெப்பநிலை, அழுத்தத் திருத்தம் விட்டுப்போயிருக்கலாம்.

புது ஃபிசிசிஸ்ட்:
பார்த்தேன் மேடம், 0.6 சதவீதம்தான் வித்தியாசம். தவிர, டி.பி.எஸ்.ஸும் கைக்கணக்கும் ஒத்துப்போகாததற்கு அது காரணமாக முடியாதே? இரண்டுமே லினாக்கின் அன்றைய அவுட்புட்டைப் பார்ப்பதில்லை.

பழைய கோபால்ட்:
தம்பி சொல்வது சரி. ஆனால் அந்தத் திருத்தக் காரணி யோசனையை இப்போதே விட்டுவிடு. இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட்டில் 1982-ல் புது டி.பி.எஸ். வந்தது. தூரத்துக்கான திருத்தத்தை அதுவே போட்டுவிடும். அது தெரியாமல் பழைய வழக்கப்படி கையாலும் ஒருமுறை போட்டார்கள். 1991-ல் அடுத்த டி.பி.எஸ். வந்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் சுமார் ஆயிரம் பேருக்கு 5 முதல் 30 சதவீதம் வரை டோஸ் குறைவாகப் போயிருந்தது.

கைக்கணக்கில் ஆழம் எவ்வளவு எடுத்தாய்? அந்த வழியில் என்னென்ன இருக்கிறது?

புது ஃபிசிசிஸ்ட்:
முன்னால் 10 செ.மீ., ஸ்கேலில் அளந்தது. மார்புச்சுவர் 3, நுரையீரல் 5, கட்டிக்குள் 2.

பழைய கோபால்ட்:
அங்கேதான் வழுக்குகிறது. அந்த 5 செ.மீ. நுரையீரல் கதிருக்கு 5 செ.மீ. தண்ணீர் இல்லை. அடர்த்தியை 0.25 என்று வைத்தால் 1.25 செ.மீ.தான். 3 + 1.25 + 2 = 6.25. இந்த ஆழத்துக்கு டி.எம்.ஆர். (ஆழம் கூடக்கூட டோஸ் எவ்வளவு குறைகிறது என்ற விகிதம்) எடுத்துப் போட்டுப் பார்.

அப்புறம் இன்னொன்று. டி.பி.எஸ்.ஸில் பாடி கான்டூர் (உடலின் வெளிக்கோடு) முழுவதையும் தண்ணீர் அடர்த்தியாக மாற்றி, அசல் பிளானைத் தொடாமல் ஒரு நகலில் மறுபடி கணக்கிடு. உன் பழைய 153 வந்தால் ஃபீல்டு அளவு, தூரம், அவுட்புட் ஃபேக்டர் எல்லாம் சரி. மீதி வித்தியாசம் நுரையீரலால் வந்தது.

புது ஃபிசிசிஸ்ட்:
சார், 6.25-க்குப் போட்டால் 134 வருகிறது! தண்ணீராக மாற்றினால் 152. முன் ஃபீல்டு முடிந்தது.

ஆனால் பின் ஃபீல்டு இப்போது படுத்துகிறது. பின்னால் 8 செ.மீ.யில் நுரையீரல் 2 செ.மீ., எனவே 6.5 என்று போட்டேன், 90 வந்தது. டி.பி.எஸ். 93. தண்ணீராக மாற்றினால் 102-க்கு ஏறிவிட்டது. நன்றாக இருந்த ஃபீல்டு இது!

பழைய கோபால்ட்:
நன்றாக இருந்ததாகத் தெரிந்தது, அவ்வளவுதான். தண்ணீராக்கினால் உன் 95 வந்திருக்க வேண்டும். 102 என்றால் கதிர் இன்னும் 2 செ.மீ. எதையோ கடந்து வருகிறது. ஆக்சியல் ஸ்லைஸை (குறுக்குவெட்டுப் படம்) திறந்து, முதுகுப் பக்கம் பாடி கான்டூரின் பச்சைக் கோடு எங்கே போகிறது என்று பார்.

புது ஃபிசிசிஸ்ட்:
ஐயோ. ஆட்டோ கான்டூர் சி.டி. மேஜைப் பலகையையும் சேர்த்து வளைத்திருக்கிறது. நான் முதுகுப் பக்கம் பெரிதாக்கியே பார்க்கவில்லை.

தாமரை:
எங்களுக்கும் இது நடந்திருக்கிறது. நுரையீரலை விட்டதில் உங்கள் கணக்கு கூடியது, மேஜை சேர்ந்ததில் டி.பி.எஸ். கூடியது, இரண்டும் சேர்ந்து 2 சதவீதம் என்று பல்லைக் காட்டியிருக்கிறது. மேஜையை வெட்டினால் மட்டும் போதாது. நோயாளி படுப்பது லினாக் மேஜையில், அதுவும் கதிரைக் குடிக்கும். அதன் மாடலைச் செருகுங்கள்.

புது ஃபிசிசிஸ்ட்:
செய்துவிட்டேன். சி.டி. மேஜையை நீக்கியதும் 90, லினாக் மேஜையைச் செருகியதும் 92. சாயங்காலம் சேம்பரை (கதிர் அளக்கும் கருவி) வைத்து, மேஜை வழியாக ஒருமுறை, மேஜை இல்லாமல் ஒருமுறை அளந்தேன். 2.4 சதவீதம் குறைகிறது. எங்கள் கைக்கணக்குத் தாளில் இந்த மேஜைக்கு ஒரு கட்டமே இல்லை, இன்று சேர்த்தேன்.

பழைய கோபால்ட்:
சபாஷ். டி.பி.எஸ்.ஸில் டோஸைக் கணக்கிடுவது எந்த அல்காரிதம்? பென்சில் பீம் என்றால் நுரையீரலுக்குள் அது டோஸைக் கூட்டிக் காட்டும், பக்கவாட்டுச் சிதறலை ஒழுங்காகக் கணக்கில் எடுக்காது.

புது ஃபிசிசிஸ்ட்:
ஏ.ஏ.ஏ. சார், அது அந்தச் சிதறலையும் கணக்கில் எடுக்கும் அல்காரிதம். டோஸ் புள்ளியும் கட்டியின் நடுவில்தான், விளிம்பில் இல்லை. பிளானை மறுபடி டாக்டரிடம் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.